நான் தட்டாத நாளு

இன்னைக்கி நான் தகரத்தத் தட்டல. ஆனா ஓடைக்கு அங்கிட்டு இருந்து பதில் வந்துருச்சு. டண், டண், டண். எண்ணி மூணு. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்ற வாத்தியார நான் பாத்ததில்ல, நாலாப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன், அஞ்சாப்புல ஒருவேள அப்பிடி இருப்பாங்களோ என்னமோ. வாயில பாதி மரவள்ளிக்கெழங்கு, துப்பவும் முடியல முழுங்கவும் முடியல. மஞ்சு எறங்கி எல்லாத்தையும் மூடியிருக்கு, உச்சிப்பொழுதுன்னு வயிறு சொல்லித்தான் தெரியுது, வாசல்ல நிக்கிற பலாமரத்துக்கு இடுப்புக்கு மேல ஒடம்பு இல்ல. அந்த வெள்ளைக்குள்ள இருந்து டண், டண், டண். இந்த மலையில நாங்க ரெண்டே பேரு. ஓடைக்கு இங்கிட்டு நான், சடையாண்டி. அங்கிட்டு எம் பொண்டாட்டி பொம்மியோட அண்ணன் வீரணன். கரண்டு இல்ல, டவரு இல்ல, ரோட்டப் பாக்கணும்னா மூணு மணி நேரம் எறங்கணும். அதுனால ஒரு ஏற்பாடு. உச்சிப்பொழுதுக்கு நான் தகரத்துல மூணு தட்டு தட்டணும், கேட்டதும் அவன் மூணு தட்டணும். ஏன் மூணுன்னா, நான் லாரியில கிளீனரா இருந்தவன், லாரியில ஒரு தட்டுன்னா நிப்பாட்டு, ரெண்டு தட்டுன்னா போலாம், மூணுக்கு ஒரு அர்த்தமும் கெடையாது. யாரும் பொழங்காத எண்ணு, சும்மா கெடக்கு, நம்ம எடுத்துக்கிட்டோம். நான் தட்டுனா ‘இருக்கேன்’. அவன் தட்டுனா ‘நானுந்தேன்’. சத்தம் வரலைன்னா எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு ஓடி வந்துரணும், சண்டையா இருந்தாலும் வரணும், மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தாலும் வரணும். அப்பிடித்தான் பேச்சு. நான் தட்டல. அப்ப அவன் யாருக்கு ‘நானுந்தேன்’ சொல்றான்?

ஒன்ன ஒளிச்சு வச்சுப் பேசுறேன், சொல்லிர்றேன். நான் தட்டாதது இன்னைக்கி மட்டுமில்ல. பன்னெண்டு நாளா நான் தட்டல. தட்டுனது வேற. காட்டுக்கு வந்த பொறகு எம் மூளை எட்டு ஆளு வேலை பாக்குது, ஊருல இருக்கையில அரை ஆளு வேலையே பாக்காது. கூரையில ஓட்டை போட்டுத் தண்ணி பாட்டில சொருகுனேன், பகல்ல டியூப் லைட்டு மாதிரி எரியிது. பழைய லாரித் தார்பாய ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டி மஞ்சுலேர்ந்து தண்ணி கறக்குறேன், காலையில எந்திரிச்சா ஒரு கொடம், தீவனம் போடாம கறக்குற ஒரே பால்காரன் நாந்தேன். பன்னி வந்து சேப்பங்கெழங்க பந்தி போட்டுத் தின்னுச்சுன்னு ஒரு தண்ணித்தட்டி செஞ்சேன். மூங்கிக் கொழாயில ஓடைத்தண்ணி நெறையும், கனம் தாங்காமக் கவுரும், கவுந்து நிமுரும்போது வாலு தகரத்துல அடிக்கும். நாள் பூராம் டண்ணு, டண்ணு. அதுக்குக் கிளீனருன்னு பேரு வச்சேன். ஏழு வருசம் எல்லாரும் ‘டேய் கிளீனரு’ன்னு என்னயக் கூப்புட்டாங்க, எனக்கும் கூப்புட ஒன்னு வேணும்ல. மூங்கி புடிச்சுக் குடுத்தது வீரணன் மச்சான். அவனே சிரிச்சான், ‘மாப்ள, உன்னய விட இது நல்லாத் தட்டுது, இது வாய் பேசல பாரு’ன்னான். அப்பறம் சண்டை வந்துச்சு. சண்டை வந்த மறுநாளு, நான் எதுக்கு அவனுக்கு ‘இருக்கேன்’னு சொல்லணும்னு ஒரு வீம்பு. சொல்லாமயும் இருக்க முடியாது, ஓடி வந்துருவான், மூஞ்சியப் பாக்கணும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி கண்டுபுடிச்சேன் பாருங்க, அங்கதேன் என் அறிவு நிக்கிது. போன வருசம் காச்சல்ல ரெண்டு பேருக்கும் கீழ ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துனாங்க, அந்த டியூப நர்சம்மாகிட்டக் கேட்டு ஆளுக்கு ஒன்னு வாங்கிட்டு வந்துருந்தோம். அதுல ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும், உருட்டுனா சொட்டு கொறையும். அத வச்சுக் கிளீனர மாத்துனேன், ஒரு டின்னுல சொட்டு சொட்டாத் தண்ணி விட்டு, சரியா ஒரு நாளைக்கு ஒரு தடவ டின்னு நெறஞ்சு கவுர்ற மாதிரி வச்சேன். இன்னும் ரெண்டு மூங்கி சேத்தேன், டின்னு கவுந்தா மூணும் வரிசையா அடிக்கும். டண், டண், டண். உச்சிப்பொழுதுக்கு. நான் படுக்கைக் கட்டையில குப்புறப் படுத்துருப்பேன், கிளீனரு எனக்காக ‘இருக்கேன்’னு சொல்லும். செத்த நேரத்துல அங்கிட்டு இருந்து மூணு வரும். ஏமாந்தான் பாருன்னு ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுக் கஞ்சி குடிப்பேன். பன்னெண்டு நாளு சிரிச்சேன். இன்னைக்கிக் காலையில டியூபுல பாசி அடச்சிருச்சு, சொட்டு நின்னுபோச்சு, டின்னு பாதியில நிக்கிது. சரி, கிடக்கட்டும், தட்டலைன்னா மச்சான் ஓடி வர்றானா பாப்போம்னு விட்டுட்டேன். ஓடி வரட்டும்னுதான் விட்டேன், அதையுஞ் சொல்லிர்றேன். வரல. டண், டண், டண்.

அவன்கிட்டயும் ஒரு டியூபு இருக்கு.

அந்த நெனப்பு வந்த எடத்துலதான் கெழங்க வச்சுட்டுக் கெளம்புனேன். செருப்புக்கூட மாட்டல, மறுபடி திரும்பிப் போய் மாட்டுனேன், டயரு செருப்பு, நானே வெட்டுனது, அட்டை கடிக்காதுன்னு சொல்லி வெட்டுனது, அட்டை நல்லாவே கடிக்கும். ஓடைக்கு எறங்குற வழி எனக்குக் கண்ண மூடிக்கிட்டுத் தெரியும், இன்னைக்கிக் கண்ணத் தொறந்தும் தெரியல. மஞ்சுக்குள்ள நடக்குறது ஈரத் துணிய மூஞ்சியில போத்திக்கிட்டு நடக்குற மாதிரி. நம்ம மூச்சு நமக்கே பக்கத்துல யாரோ விடுற மாதிரி கேக்கும். என்னைக்கிலேர்ந்து அது மூங்கி? நேத்தா, முந்தாநாளா, மொத நாளேவா? மொத ரெண்டு மூணு நாளு தட்டு கொஞ்சம் தடுமாறுனுச்சுல்ல, மொதத் தட்டுக்கும் ரெண்டாந் தட்டுக்கும் நடுவுல ஒரு இழுவை இருந்துச்சுல்ல, அது அவன் கைதான, பீடிய ஒரு கையில வச்சுக்கிட்டுத் தட்டுவான், இழுவை வரும். அப்பறம் சுத்தமா வந்துச்சு. ரொம்பச் சுத்தமா. ஒரு நாளு நம்ம கிளீனரு தட்டுறதுக்கு முன்னாடியே வந்துருச்சு, அப்பக்கூட நான் என்ன நெனச்சேன், மச்சானுக்கு அவசரம், சமாதானமாப் போகப் பாக்குறான்னு நெனச்சேன். கூறு இருக்கா பாரு. அப்ப இங்கிட்டு ஒரு மூங்கி ‘இருக்கேன்’னு சொல்லிக்கிருக்கு, அங்கிட்டு ஒரு மூங்கி ‘நானுந்தேன்’னு சொல்லிக்கிருக்கு. நடுவுல ஆளே இல்ல. நான் செத்து நாறிக் கெடந்தாலும் உச்சிப்பொழுதுக்கு இங்கிட்டு இருந்து ‘இருக்கேன்’னு போயிருக்கும். அவன் தொங்கிக் கெடந்தாலும் ‘நானுந்தேன்’னு வந்துருக்கும். சித்திரையில ஓடை வத்துற வரைக்கும் ரெண்டும் சௌக்கியமாப் பேசிக்கிருக்கும். தொங்கிக் கெடந்தாலும்னு ஏன் வாயில வந்துச்சு. த்தூ. போன மாசம் சந்தையில கயிறு வாங்குனான், புதுக்கயிறு, கைப்பெருவெரல் தண்டி. எதுக்கு மச்சான்னேன். மாட்டுக்குன்னான். அவன்கிட்ட மாடு இல்ல. நான் என்ன கேட்டுருக்கணும்? நான் கேட்டது, ‘மாட்டுக்கா, அப்ப உன்னயவே கட்டிக்கப் போறியா?’ சந்தையே சிரிச்சுச்சு. அவனும் சிரிச்சான். சிரிச்சானா? பல்லுத் தெரிஞ்சுச்சு. பல்லுத் தெரிஞ்சா சிரிப்புன்னு எவன் சொன்னான், மண்டை ஓட்டுக்குந்தான் பல்லுத் தெரியுது.

ஓடையில தண்ணி முட்டிக்கு. கல்லு வழுக்குது. நடு ஓடையில நிக்கையில மேல, வலது கைப் பக்கம், பாறை வழியில யாரோ நடக்குற சத்தம். சருகு இல்ல, கல்லு. ஒரு கல்லு உருண்டு வந்து தண்ணியில விழுந்துச்சு, பொளக்குன்னு. அப்பறம் ஒரு இருமல் மாதிரி. காட்டெருமையும் அப்பிடித்தான் செருமும், மனுசன் மாதிரியே. நின்னுட்டேன். ‘ஏய்’னு சொல்ல வாயெடுத்தேன், சத்தம் வரல. பேசியே பொழப்ப ஓட்டுனவன் நான், டோல்கேட்டுல, செக்போஸ்ட்டுல, லோடு எறக்குற எடத்துல, வாய வச்சே வழி வாங்குனவன், ஒரு ‘ஏய்’ வரல. அது பாட்டுக்கு எங்கிட்டோ மேல போயிருச்சு. நல்லவேளன்னு நெனச்சேன். மஞ்சுக்குள்ள என்ன வந்தாலும் அதுக்கு மூஞ்சி இல்லாத வரைக்கும் பயம் இல்லன்னு காசிம் அண்ணன் சொல்லுவாரு. காசிம் அண்ணன இப்ப எதுக்கு நெனைக்கிற. நெனைக்கக் கூடாதுன்னுதான மூணு வருசமா இம்புட்டு வேலை, பாட்டிலு, தார்பாயி, டியூபு, மூங்கி, கை சும்மா இருந்தா அவரு வந்துருவாரு. நல்ல டிரைவரு. ரிவர்ஸ் எடுக்கையில கண்ணாடி பாக்க மாட்டாரு. ‘எனக்கு எதுக்குடா கண்ணாடி, உன் தட்டு இருக்குல்ல’ம்பாரு. கிளீனரு பின்னாடி நின்னு பலகையத் தட்டணும், ரெண்டு ரெண்டாத் தட்டுனா வந்துக்கிட்டே இருப்பாரு, ஒன்னு தட்டுனா அந்த எடத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும் வண்டி. அன்னைக்கும் இதே மஞ்சு, மலை ரோட்டு வளைவு, முட்டைக்கோசு லோடு. நான் தட்டுனேன். கை தட்டிக்கிருந்துச்சு, மண்டை வேற எங்கயோ இருந்துச்சு. தட் தட். தட் தட். அந்தக் கைக்குக் கண்ணு இல்ல. அதுவும் ஒரு மூங்கிதேன். வண்டி போன சத்தம்கூட எனக்கு ஞாபகம் இல்ல, அதுக்கப்பறம் கோசு உருண்டு உருண்டு போன சத்தம்தான், டொக்கு டொக்கு டொக்குன்னு, ரொம்ப நேரம், கீழ வரைக்கும்.

அப்பறம் நான் வீட்ல இருக்க முடியாமத்தான் இங்க வந்தேன். பொம்மி வரமாட்டேன்னுட்டா, திருப்பூர்ல மககூட இருக்கா, பைத்தியம் தெளிஞ்சா வான்னா. கூட வந்தது மச்சான். எதுக்குன்னு அவனும் சொல்லல நானும் கேக்கல. ‘எனக்கும் காடு புடிக்கும் மாப்ள’ன்னான், காட்டுல ஒரு பூச்சியப் பாத்தா வேட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுறவன். என்னயத் தனியா விட்டா நான் ஏதாச்சும் பண்ணிக்குவேன்னு வந்தான். ஒரே குடிசையில இருந்தா நான் கோவிச்சுக்குவேன்னு ஓடைக்கு அங்கிட்டுப் போட்டான். தட்டு ஏற்பாடும் அவன் சொன்னதுதேன். நான் இருக்கேனான்னு பாக்கத்தான் அந்த மூணு தட்டு, அவன் இருக்கானான்னு பாக்க இல்ல. இது எனக்கு இப்ப, இந்த ஏத்தத்துல, நாலு அட்டையோட ஏறுறப்பதான் ஒறைக்கிது. அவன் பொண்டாட்டி ரெண்டு வருசம் பொறுத்துப் பாத்தா, அப்பறம், தங்கச்சி புருசனக் கட்டிக்கிட்டு அழுகுற ஆளோட என்னால முடியாதுன்னு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அதுக்கு நான் அன்னைக்கி என்ன சொன்னேன்? சண்டை ஒரு மசுருக்கும் பெறாத சண்டை, தார்பாய்க்கு எந்தப் பக்கம் கம்பு நடுறதுன்னு. நான் தொணதொணன்னு பேசிக்கிட்டே இருந்துருக்கேன் போல. அவனுக்குப் பொறுக்கல. ‘வாய மூடுய்யா செத்த நேரம். அன்னைக்கி நீ இப்பிடித்தான் பேசிக்கிட்டே தட்டியிருப்ப’ன்னான். சொல்லிட்டு அவனே பயந்துட்டான், மூஞ்சி வெளுத்துருச்சு, அப்பவே நான் கம்பக் கீழ போட்டுட்டுப் போயிருக்கலாம். போகல. ‘உன் பொண்டாட்டி எதுக்கு ஓடுனான்னு இப்பத்தான்ய்யா தெரியுது’ன்னேன். நல்லா எடுப்பாச் சொன்னேன். மேடையில சொல்ற மாதிரி. அவன் கம்ப மட்டும் நட்டு முடிச்சான், மண்ணு போட்டு மிதிச்சான், போயிட்டான்.

குடிசை தெரியுது. குடிசை தெரியலை, குடிசை இருக்குற எடத்துல வெள்ளை கொஞ்சம் கருப்பா இருக்கு. ‘மச்சான்’னேன். ‘யோவ் மச்சான், சோறு ஆக்கிட்டியா, வாசன ஓடை வரைக்கும் வருது’ன்னேன். வாசனையே இல்ல. பொய் சொல்லியாச்சும் ஒரு சத்தம் போடலாம்னு. சொட்டு விழுகுற சத்தம் மட்டும். டப்... டப்... கொல்லைப் பக்கமா சுத்திப் போனேன். அங்க இருக்கு. மூணு மூங்கி, ஒரு எண்ணெ டின்னு, குளுக்கோஸ் டியூபு, குட்டிச் சக்கரம். என்னோடத விட நல்லா செஞ்சிருக்கான் நாறப்பய, ஆடாம இருக்க ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்துருக்கான். டின்னத் தொங்க விட்டுருக்குறது அந்தக் கயித்துல. புதுக்கயிறு. அதப் பாத்ததும் எனக்கு ஒன்னுக்கு வர்ற மாதிரி ஒரு ஆறுதல். ஆனா ஒரு முழந்தான் வெட்டியிருக்கு. மிச்சம் எங்க? முன்பக்கம் வந்தேன். ஓலைத்தட்டிக் கதவு வெளிய சாத்தியிருக்கு. உள்ள இருக்குறவன் வெளிய சாத்த முடியாதுன்னு ஒரு மண்டை சொல்லுது, சாத்தலாம், கைய விட்டுச் சாத்தலாம்னு இன்னொரு மண்டை. தெறந்தேன். இருட்டு. மூலையில கம்பளி போத்திக்கிட்டு ஒரு ஆளு சொவரப் பாத்துப் படுத்துருக்கான். ‘மச்சான்.’ அசையல. ‘அன்னைக்கி சொன்னது நாஞ் சொல்லலய்யா, என் வாய் சொல்லுச்சு, அதத் தனியாக் கூப்புட்டு அடி.’ அசையல. கால்ல போய்த் தொட்டேன். கால் இருக்க வேண்டிய எடத்துல நசநசன்னு ஒன்னு. சேப்பங்கெழங்கு சாக்கு. பனி படாமக் கம்பளியப் போத்தி வச்சிருக்கான், வெதைக்கு. மிச்சக் கயிறு அந்தச் சாக்கு வாயக் கட்டியிருக்கு. கெழங்குகிட்ட மன்னிப்புக் கேட்டவன் ஒலகத்துலயே நான் ஒருத்தன்தேன். அப்பிடியே அது மேல உக்காந்துட்டேன்.

அப்பத்தான் கேட்டுச்சு. டண். ஓடைக்கு அங்கிட்டு இருந்து. டண். இப்ப அங்கிட்டுன்னா என் வீடு. என் தகரம், பேரல் மூடி, அது சத்தம் எனக்குத் தெரியாதா, நடுவுல ஒரு விரிசல் இருக்கு, கொஞ்சம் கரகரன்னு வரும். என் டின்னுல பாதித் தண்ணிதேன், சொட்டு நின்னுபோச்சு, அது கவுர முடியாது. நான் இங்க இருக்கேன். அங்க ‘இருக்கேன்’னு தட்டுறது யாரு? முதுகுத் தண்டுல ஒருத்தன் ஈரக் கையால மேலருந்து கீழ தடவுன மாதிரி. ஒருவேள நான் கெளம்பவே இல்லையோ, கட்டையில குப்புறக் கெடக்கேனோ, ஓடையில வழுக்கினது நெசமாவே வழுக்கிருச்சோ, இங்க வந்து நிக்கிறது சும்மா மிச்சமோ. காசிம் அண்ணனும் அன்னைக்கி விழுந்த பொறகு கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கப் புடிச்சு ஓட்டிக்கிட்டே இருந்துருப்பாரோ. கையக் கிள்ளிப் பாத்தேன், வலிச்சுச்சு, செத்தவனுக்கு வலிக்காதுன்னு யாரு வந்து சொன்னா. டண் டண். டண் டண் டண் டண். எண்ணுனேன். மூணு தாண்டிருச்சு. அஞ்சு. ஒன்பது. நிக்கல. ஒரு அடி பெருசு, ஒரு அடி சிறுசு, ஒரு அடி தகரத்துல படாம எங்கயோ பட்டு, மறுபடி டண்டண்டண். மூங்கி இப்பிடி அடிக்காது. பேய்கூட இப்பிடி அடிக்காது, அதுக்கு ஏது இம்புட்டுப் பயம். நடுவுல நடுவுல இழுவை. வெளிய ஓடி வந்தேன். மஞ்சுக்குள்ள, ரொம்பத் தூரத்துல, கிழிஞ்ச தொண்டை. ‘மாப்ளோய்! யோவ் மாப்ளே! எங்கய்யா போன!’

இன்னைக்கி என் தட்டு வரலைல்ல. கெளம்பி வந்துட்டான். பாறை வழியா. இருமிக்கிட்டே. நான் ஓடையில வாய மூடிக்கிட்டு நின்னேன்.

என் குடிசையில பளிச்சுன்னு தெரியுற மாதிரி பாதிக் கெழங்கோட தட்டு, ஆளு இல்லாத கட்டை, அவன் என்னத்தப் பாத்துட்டு என்னத்த நெனச்சுக்கிருப்பான்னு எனக்கு இங்க தெரியுது. கொல்லைக்கு ஓடுனேன். அவன் தகரம், கம்பு எடுத்தேன். மூணு அடிக்கலாமா? மூணு அடிச்சா நம்புவானா, அவன் செஞ்ச மூங்கி மூணுதான் அடிக்கும்னு அவனுக்குத் தெரியாதா. மூங்கிக்குத் தெரியாத அடியா இருக்கணும். எங்க ஊரு சாவுக்கு அடிப்பாங்களே அந்த அடி, ஆடாதவனையும் ஆட வைக்கிற அடி, அத எடுத்தேன். டண்டணக்கு டணக்கு, டண்டணக்கு டணக்கு. எழவு வீடு தோத்துச்சு. அங்கிட்டு சத்தம் நின்னுபோச்சு. அப்பறம் வந்துச்சு பாருங்க ஒரு வசவு, எங்க ஆத்தா, எம் பாட்டன் எல்லாரையும் மஞ்சுக்குள்ள இழுத்துப் போட்டு, கடைசியில அழுகையில போயி ஒடஞ்சுச்சு. ‘அங்க என்னய்யா பண்ற! என் வீட்ல!’

‘கெழங்கு திருட வந்தேன்! நீ என் வீட்ல என்ன பண்ற!’

‘உனக்குக் கொள்ளி வைக்க வந்தேன்டா! அங்கனயே நில்லு, நான் வரேன்!’

‘நீ நில்லு, நான் வரேன்!’

‘ரெண்டு பேரும் நடந்தா மறுபடி மாறிப் போயிரும், நில்லுய்யா! நில்லு!’ இருமுனான். ‘ஒன்னும் தெரியல, கையி தெரியல எனக்கு. நீ பேசிக்கிட்டே இரு. சத்தத்தப் புடிச்சு வரேன். நிப்பாட்டிராத.’

‘என்னத்தய்யா பேச?’

‘என்னத்தையாச்சும் பேசு! வாய மட்டும் மூடிராத!’

வாயத் தொறந்தேன். அங்கிட்டு கல்லு உருளுற சத்தம் கேக்குது, எறங்க ஆரம்பிச்சுட்டான், அந்த எடத்துல வழுக்கும், இப்பப் பேசலைன்னா அவனுக்கு வழி இல்ல. அதனால கம்பக் கீழ போட்டுட்டு, கையி ரெண்டையும் வாயில குவிச்சு, இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லாதத மொதல்லருந்து கத்திச் சொல்ல ஆரம்பிச்சேன். ‘மச்சான்! அன்னைக்கி முட்டைக்கோசு லோடுய்யா! காலையில காசிம் அண்ணன் எனக்கு ரெண்டு டீ வாங்கிக் குடுத்தாரு! கேக்குதா?’

‘கேக்குது! மேல சொல்லு!’